கையளிப்பா, பரிமாற்றமா?

சென்ற வருடம் யாழ்ப்பாணத் தீவகத்துச் சனசமூக நிலையம் ஒன்றின் முன்றலில், உவர்நீரை நன்னீராக்கும் இயந்திரமொன்றின் திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். பந்தலில் கட்டியிருந்த பதாகையில் 'தொழினுட்பப் பரிமாற்ற நிகழ்வு' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். நாடா வெட்டி முடிந்த பின், பக்கத்தில் இருந்த பெரியவர் என்னிடம், "தம்பி, பரிமாற்றம் எண்டால் நாங்களும் ஏதாவது குடுக்கவேணுமெல்லோ? நாங்கள் என்னத்தைக் குடுக்கிறம்?" என்று கேட்டார். அவருக்கு நான் மறுமொழி சொல்லவில்லை. அறிக்கைகளிலும் பாடக்குறிப்புகளிலும் பல வருடங்களாகக் கண்டு சலித்த அந்தச் சொல்லைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று அன்றுதான் தோன்றியது.

ஒரு தொழிலின் நுட்பத்தை அறிந்தவர் அறியாதவருக்குக் கொண்டுசேர்ப்பதை ஆங்கிலத்தில் 'ரெக்னோலஜி ட்ரான்ஸ்பர்' என்பார்கள். அதற்கே இந்தப் பெயர். ட்ரான்ஸ்பர் என்பதன் வேர் இலத்தீன். 'அப்பால் சுமந்து செல்லுதல்' என்பது பொருள். முதற்சொல்லின் வேர் கைவினையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். நம்முடைய 'தொழினுட்பம்' அதற்கு மிக நன்றாகப் பொருந்துகிறது. தொழிலும் நுட்பமும் புணரும்போது தொழினுட்பம் என்றாவதே இலக்கணம் என்பதால், நம் பாடநூல்களில் உள்ள அந்த வடிவத்தையே நானும் எழுதுகிறேன். முதற்பாதியில் பிணக்கில்லை. பிணக்கெல்லாம் பின்பாதியில்தான்.

பரிமாறுதல் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. பந்தியில் சோறு கறி படைப்பது ஒன்று. ஒருவர் கொடுக்க மற்றவரும் திருப்பிக் கொடுப்பது இன்னொன்று. 'பரிமாற்றம்' என்று பெயராகி நிற்கும்போது இரண்டாவது பொருளே வழங்குகிறது. கருத்துப் பரிமாற்றம், கடிதப் பரிமாற்றம், கைதிகள் பரிமாற்றம் என்று எதை எடுத்தாலும் இரு பக்கமும் கொடுக்கின்றன, இரு பக்கமும் பெறுகின்றன. ஒரு பக்கம் மட்டுமே கொடுக்கும் செயலுக்கு இந்தப் பெயரை இட்டால், சொல் பிழைப்பதோடு, யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதும் மறைந்துவிடுகிறது.

இதை நான் சொற்சண்டையாகப் பார்க்கவில்லை. 1995 இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் புலமைச்சொத்து (கண்டுபிடிப்பு, எழுத்து முதலியவற்றின் மீதான உரிமை) உடன்படிக்கையில் 66 ஆம் உறுப்புரையின் இரண்டாம் பந்தி, மிகவும் பின்தங்கிய நாடுகளுக்குத் தொழினுட்பம் சென்று சேரும்படி தம் நாட்டு நிறுவனங்களுக்கு ஊக்கம் அளிக்கும் கடப்பாட்டை வளர்ந்த நாடுகள்மீது சுமத்துகிறது. அங்கே கடமை ஒரு பக்கத்துக்கே உரியது. அந்தப் பந்தியைப் 'பரிமாற்றம்' என்று தமிழாக்கிப் படிக்கும் மாணவனுக்கு, ஏதோ இரு வணிகர் பண்டம் மாற்றிக்கொள்வதாகத்தான் தோன்றும். அதற்கு முன்னர் ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டின் கீழ் இதற்கென ஒரு நடத்தைக் கோவையை ஆக்க 1978 முதல் 1985 வரை பேசியும் உடன்பாடு காணாமல் கைவிட்டார்கள். ஏழு வருடம் பேசியும் கொடுக்கச் சம்மதிக்காத ஒன்றுக்குப் பரிமாற்றம் என்று பெயர் சூட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. கொரோனாக் காலத்தில் உலக சுகாதார அமைப்பு 2021 இல் தென்னாபிரிக்காவில் தொடங்கிய தடுப்பூசித் தொழினுட்ப மையத்தின் கதையும் இதுவே: முன்னணி உற்பத்தியாளர்கள் செய்முறையைத் தராதபோது, கேப்டவுனில் இருந்த ஆய்வாளர்கள் பகிரங்கமாகக் கிடைத்த தகவல்களைக் கொண்டு 2022 இல் தாமாகவே ஒரு தடுப்பூசி மாதிரியை ஆக்கினார்கள்.

வேறு சில ஆக்கங்களும் உலவுகின்றன. 'தொழினுட்ப மாற்றம்' என்றால் தொழினுட்பமே மாறிப்போவதாகும். அது வேறொரு பொருளியற் கருத்து. 'இடமாற்றம்' என்றதும் எங்கள் ஆசிரியர்களுக்கு வருட இறுதிக் கடிதம்தான் நினைவுக்கு வரும். மேலும், இடம் மாறியவர் பழைய இடத்தில் இருக்கமாட்டார், நுட்பமோ கொடுத்தவரிடமும் குறையாமல் இருக்கும். 'கடத்தல்' பௌதிகவியலில் நல்ல சொல், சந்தையில் கள்ளச் சாமானுக்கு உரிய சொல். 'கைமாற்றம்' ஓரளவு நெருங்கி வந்தாலும், அவசரத்துக்கு வாங்கித் திருப்பிக் கொடுக்கும் கைமாற்றை அது நினைவூட்டுவதால் அதையும் விட்டுவிடுகிறேன்.

எஞ்சுவது 'கையளிப்பு'. எங்கள் ஊரில் நாளாந்தம் வழங்கும் சொல் இது. வீட்டைக் கையளித்தார்கள், பொறுப்பைக் கையளித்தார் என்கிறோம். கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்பதில் மயக்கமே இல்லை. நாடா வெட்டும் வாசனை இந்தச் சொல்லில் வீசுகிறது என்று நண்பரொருவர் மறுத்தார். அந்த வாசனை வீசுவது இயந்திரத்தைக் கையளிக்கும்போதுதான். நுட்பத்தைக் கையளிப்பதென்றால், பெறுபவருக்கு அது கைவந்திருக்க வேண்டும்; 'கைவந்த கலை' என்று சொல்லும் மொழியில் இந்த இரண்டும் ஒரே கையைச் சுற்றியே நிற்பது எவ்வளவு பொருத்தம்!

1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, நூல்களைத் தமிழாக்கி, 1873 இல் ஊர் திரும்பியபோது அவரிடம் படித்த தமிழ் வைத்தியர்கள் இங்கே தொழில் செய்துகொண்டிருந்தார்கள். அது கையளிப்பு. தொண்ணூறுகளில், போரினால் பெற்றோலுக்குத் தட்டுப்பாடான பொருளாதாரத் தடைக்காலத்தில், இறைப்பு மிசினையும் மோட்டார் சைக்கிளையும் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய எங்கள் திருத்துநர்களுக்கு அந்த நுட்பம் கைவந்திருந்தது.

தீவகத்து இயந்திரத்துக்கு வருகிறேன். ஐந்து மாதத்தில் அதன் சவ்வில் உப்புப் படிந்து நீர்வரத்து நூலாக இளைத்துப்போனது. எப்போது கழுவவேண்டும், எந்த அமுக்கத்தில் நிறுத்தவேண்டும் என்பதை நிலையத்துப் பெடியளுக்கு எவரும் காட்டிக்கொடுக்கவில்லை. கைந்நூல் ஆங்கிலத்தில், அதுவும் அலுமாரியில் பூட்டியிருந்தது. கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை குடங்கள் வரிசையில் கிடந்தன. அங்கே பரிமாற்றமும் நடக்கவில்லை, தொழினுட்பக் கையளிப்பும் நடக்கவில்லை. கையளித்தது ஓர் இயந்திரத்தை மட்டுமே. சரியான சொல் பதாகையில் இருந்திருந்தால், "எங்கே கையளித்தீர்கள்?" என்று அந்தப் பெரியவரே கேட்டிருப்பார்.

மொழிபெயர்ப்பவர்கள்மீது எனக்குள்ள மனக்குறை இதுதான். மூலத்தில் ஒரு சொல்லைக் கண்டதும் முந்திய அறிக்கையில் எப்படி இருந்தது என்று பார்த்து அதையே பெயர்த்து வைக்கிறார்கள்; யார் எதை யாருக்குச் செய்கிறார் என்று ஒரு கணம் நின்று கேட்பதில்லை. கேட்டால் கையளிப்பு ஒப்பந்தம், கையளிப்போர், ஏற்போர் என்று கிளைச்சொற்களும் தாமாகவே அமைந்துவிடும். பரிமாற்றத்தை நான் ஒழிக்கச் சொல்லவில்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கும் பொறியியற் பீடமும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றும் தத்தம் ஆய்வுத் தரவுகளை ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்குமானால், அதைத் தாராளமாகப் பரிமாற்றம் என்று எழுதலாம்.