வீட்டுக்கடன் முடிந்ததா? பழைய பிபிஎஃப் பாஸ்புக்கைத் தேடி எடுங்கள்

பத்தொன்பது வருடம் மாதாமாதம் 5ஆம் தேதி என் கணக்கிலிருந்து வீட்டுக்கடன் தவணை போய்க்கொண்டிருந்தது. போன வருடம் கடன் முடிந்தது. அடுத்த மாதம் எதையும் மாற்றாமல் அப்படியே விட்டுப் பார்த்தேன். மாதக் கடைசியில் அந்தத் தவணைப் பணத்தில் பாதிக்குமேல் காணவில்லை. என்ன வாங்கினோம் என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அத்தனை வருடம் நாங்கள் சிக்கனமாக வாழ்ந்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில், வங்கி தன் பங்கை முதலில் எடுத்துக்கொண்டது. மிஞ்சியதில் வாழப் பழகியிருந்தோம், அவ்வளவுதான். சரி, அதே முறையிலேயே முதுமைக்கும் ஒரு பங்கை முதலில் எடுத்து வைத்துவிடலாம் என்று தேடியபோது கையில் கிடைத்தது, மறந்தே போயிருந்த ஒரு பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக். அதற்குப் பிறகு விதிகளை உட்கார்ந்து படித்தேன். கடன் முடித்து, ஓய்வுக்குப் பத்துப் பதினைந்து வருடம் மீதமிருக்கும் நிலையில் உள்ளவர்களுக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கும். கடன் முழுதும் அடைந்த 30 நாட்களுக்குள் அசல் சொத்துப் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தாமதத்துக்குக் கடன் கொடுத்தவரே காரணம் என்றால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். கடன் பாக்கி இல்லை என்ற சான்றையும் வாங்கிக்கொண்டு, வில்லங்கச் சான்றில் அடமானம் நீங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பிபிஎஃப் என்பது என்ன

பொது வருங்கால வைப்பு நிதி 1968இல் வந்த திட்டம். இப்போது அமலில் இருப்பது 2019 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட புதிய விதிகள். அஞ்சலகத்திலும் அனுமதி பெற்ற வங்கிகளிலும் கணக்குத் தொடங்கலாம். வங்கியில் போட்டாலும் பணத்துக்குப் பொறுப்பு மத்திய அரசுதான். சம்பளக்காரர், கடை வைத்திருப்பவர், வருமானமே இல்லாத இல்லத்தரசி என்று இந்தியாவில் வசிக்கும் யாரும் தொடங்கலாம். வயது வரம்பு கிடையாது. ஆனால் ஒருவருக்கு ஒரு கணக்குதான். கூட்டுக் கணக்கு இல்லை.

ஒரு நிதியாண்டில் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். அந்த வரம்புக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும். 2020 ஏப்ரலில் 7.1 சதவீதமாகக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு பல வருடங்கள் அதைத் தொடவே இல்லை. வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் வருமான வரி கிடையாது. பழைய வரி முறை, புதிய வரி முறை இரண்டுக்கும் இது பொருந்தும். போடும் பணத்துக்கு 80சி என்று நாம் பழகிய வருமான வரிக் கழிவு மட்டும் பழைய முறையில் இருப்பவர்களுக்குத்தான்.

கடன்பட்டு மீண்டவர்களுக்குப் பிடிக்கக்கூடிய இன்னொரு விதியும் உண்டு. கணக்குதாரரின் கடனுக்காக இந்தக் கணக்கில் உள்ள பணத்தை நீதிமன்ற உத்தரவால்கூட ஜப்தி செய்ய முடியாது.

கணக்கின் வயது

பதினைந்து வருடமா என்றுதான் பலரும் பின்வாங்குகிறார்கள். 48 வயதில் தொடங்கினால் 63 ஆகிவிடுமே என்ற கவலை. நியாயமான கவலைதான். ஆனால் இந்தத் திட்டத்தில் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் போலவே, கணக்கு தொடங்கி எத்தனை வருடம் ஆகிறது என்பதும் முக்கியம். பணம் எடுக்கும் உரிமை எல்லாமே கணக்கின் வயதை வைத்துத்தான் வருகிறது. 500 ரூபாயோடு தொடங்கிய கணக்குக்கும் ஒன்றரை லட்சத்தோடு தொடங்கியதற்கும் வயது ஒரே மாதிரிதான் ஏறும்.

அதனால்தான் பழைய பாஸ்புக்கைத் தேடச் சொல்கிறேன். நான் 2011இல் வரிக்காகத் தொடங்கி நாலு வருடம் கட்டிவிட்டு, தவணை நெருக்கியதில் விட்டுவிட்டேன். குறைந்தபட்சத் தொகையைக்கூடக் கட்டாவிட்டால் கணக்கு முடங்கும்; கடனும் கிடைக்காது, இடையில் எடுக்கவும் முடியாது. ஆனால் உள்ளே இருக்கும் பணத்துக்கு வட்டி சேர்ந்துகொண்டேதான் இருக்கும். விசாரிக்கப் போன இடத்தில் கவுண்டரில் இருந்தவர், “இதை மூடிவிட்டு புதிதாக ஒன்று திறந்துகொள்ளுங்கள்” என்றார். அந்தப் பேச்சைக் கேட்காதது நல்லதாகப் போயிற்று. முடங்கிவிட்டது என்பதற்காக முதிர்வுக்கு முன்பே மூட முடியாது. அது இருக்கும்போது இரண்டாவது கணக்கும் செல்லாது. செய்ய வேண்டியது புதுப்பிப்பது மட்டும்தான். விட்டுப்போன ஒவ்வொரு வருடத்துக்கும் 500 ரூபாய், அதோடு 50 ரூபாய் அபராதம். எனக்குப் பத்து வருடம் விட்டுப்போயிருந்தது, 5,500 ரூபாய் ஆயிற்று. இதில் 5,000 என் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது. உண்மையான செலவு 500 ரூபாய். அதற்குக் கிடைத்தது, 2027 மார்ச்சோடு 15 வருடத்தை முடிக்கப்போகும் ஒரு கணக்கு.

பழைய கணக்கு இல்லாதவர்கள், கையில் பணம் சேரட்டும் என்று காத்திருக்காமல் 500 ரூபாயோடு இப்போதே தொடங்கிவிடலாம். 15 வருடம் என்பதைத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவதில்லை. தொடங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து எண்ணுகிறார்கள். 2025 ஜூனில் தொடங்கினாலும் 2026 மார்ச்சில் தொடங்கினாலும் முதிர்வு 2041 மார்ச் கடைசிதான். ஏப்ரலுக்குத் தள்ளினால் ஒரு முழு வருடம் போய்விடும்.

மாதா மாதமா, மொத்தமாகவா

ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. 5ஆம் தேதிக்குள் போட்டால் அந்த மாதமே சேரும். 6ஆம் தேதி போட்டால் அடுத்த மாதத்திலிருந்துதான். வட்டியை மாதா மாதம் கணக்கிட்டாலும், வரவு வைப்பது மார்ச் 31 அன்று.

இதே வட்டி நீடிக்கும் என்று வைத்து, 15 வருடம் ஒன்றரை லட்சம் வீதம் போட்டால் என்ன வரும் என்று கணக்குப் போட்டேன். ஏப்ரல் 5ஆம் தேதிக்குள் மொத்தமாகப் போட்டால் சுமார் 40.68 லட்சம். மாதம் 12,500 ரூபாயை 5ஆம் தேதிக்குள் போட்டால் சுமார் 39.45 லட்சம். வரிக்கு ஆதாரம் கேட்கும்போது மட்டும் நினைவுக்கு வந்து மார்ச் கடைசியில் போட்டால் சுமார் 37.98 லட்சம்.

ஏப்ரலில் மொத்தமாகப் போடுவது லாபம் என்று எங்கும் சொல்வார்கள். கணக்குப்படி சரி. ஆனால் தவணை முடிந்த வீட்டில் பணம் மாதா மாதம்தான் விடுபடுகிறது. அதை ஏப்ரல் வரை சேர்த்து வைக்க வேண்டும் என்றால், என் வீட்டு முதல் மாத அனுபவப்படி, ஏப்ரலில் போட ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றேகால் லட்ச வித்தியாசத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, 2ஆம் தேதியே தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். விடுமுறை குறுக்கே வந்தாலும் 5க்குள் சேர்ந்துவிடும்.

தவணை 12,500க்கு மேல் இருந்திருந்தால் மீதியை என்ன செய்வது? கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனிக் கணக்கு இருந்தால் வரம்பும் தனித்தனி. சேர்த்து மூன்று லட்சம். ஆனால் முதல் ஆறு மாதத்துத் தவணைப் பணத்தை அவசரத்துக்கு என்று சேமிப்புக் கணக்கிலோ குறுகிய கால வைப்பிலோ வைத்துவிட்டு அப்புறம் இதில் இறங்குவதுதான் நல்லது என்பேன். பிபிஎஃப்பில் போட்ட பணம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு உடனே கைக்கு வராது. (அந்த ஆறு மாதத்துக்குள்ளேயே 500 ரூபாய் மட்டும் கட்டிக் கணக்கைத் தொடங்கி வைக்கத் தடை ஒன்றும் இல்லை.)

மாதச் சம்பளத்தில் இபிஎஃப் (தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி) பிடிக்கப்படுபவர்களுக்கு, விருப்பத்தின் பேரில் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லும் விபிஎஃப் வழியும் உண்டு. 2024-25க்கு அதன் வட்டி 8.25 சதவீதம், பிபிஎஃப்பைவிட அதிகம். வேலை இருக்கும்வரைதான் அது. மேலும், உங்கள் பங்கு வருடத்துக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய பகுதியின் வட்டிக்கு வரி உண்டு. ஓய்வுக்குப் பிறகும் தொடர வேண்டும் என்றால் பிபிஎஃப்தான்.

இடையில் எடுப்பது

2025-26இல் 48 வயதில் தொடங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2027 ஏப்ரலிலிருந்து 2031 மார்ச் வரை அவர் கணக்கின் மேல் கடன் வாங்கலாம். விண்ணப்பிக்கும் வருடத்துக்கு இரண்டு வருடம் முந்தைய இருப்பில் 25 சதவீதம் கிடைக்கும். வட்டி வருடத்துக்கு 1 சதவீதம். 36 மாதத்துக்குள் அடைக்க வேண்டும். இப்போதுதான் ஒரு கடனிலிருந்து வெளியே வந்திருக்கிறோம், இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எனக்கு மனமில்லை.

2031 ஏப்ரலிலிருந்து பகுதித் தொகை எடுக்கலாம், வருடத்துக்கு ஒருமுறை. காரணம் சொல்ல வேண்டியதில்லை, திருப்பிக் கட்ட வேண்டியதும் இல்லை. நாலு வருடம் முந்தைய இருப்பு, போன வருடக் கடைசி இருப்பு இரண்டில் எது குறைவோ அதில் பாதி. அவர் 60இல் ஓய்வு பெற்று 63 வரை முதிர்வுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தாலும், இடைப்பட்ட வருடங்களை இதை வைத்து ஓட்டிவிடலாம்.

முழுதாக முன்கூட்டியே மூடுவது ஐந்து வருடத்துக்குப் பிறகு, அதுவும் கடுமையான நோய், உயர்கல்வி, வெளிநாட்டில் குடியேறுவது போன்ற காரணங்களுக்கு மட்டும். அப்போது வட்டியில் 1 சதவீதம் குறைத்துத் தருவார்கள்.

பதினைந்துக்குப் பிறகு

இங்கேதான் பழைய கணக்கு கைகொடுக்கிறது. முதிர்ந்ததும் மூன்று வழிகள். மொத்தத்தையும் எடுத்து மூடலாம். எதுவும் எழுதிக் கொடுக்காமல் அப்படியே விடலாம். வட்டி ஓடும், புதிதாகப் போட முடியாது, வருடத்துக்கு ஒருமுறை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். அல்லது ஐந்து ஐந்து வருடமாக, பணம் போட்டுக்கொண்டே நீட்டிக்கலாம். ஒவ்வொரு ஐந்தாண்டின் தொடக்கத்திலும் இருந்த இருப்பில் 60 சதவீதம் வரை, வருடத்துக்கு ஒரு தடவையாக, அந்த ஐந்தாண்டுக்குள் எடுக்கலாம்.

மூன்றாவது வழிக்கு முதிர்ந்த ஒரு வருடத்துக்குள் படிவம் 4 எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். பலர் இதைத் தவற விடுகிறார்கள். படிவம் தராமல் தானாகப் பணம் போய்க்கொண்டிருந்தால் அந்தப் பணத்துக்கு வட்டியும் கிடையாது, வரிக் கழிவும் கிடையாது. தானியங்கி ஏற்பாடு செய்து வைத்திருப்பவர்கள் முதிர்வுத் தேதியைப் பாஸ்புக் அட்டையிலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.

மாத வருமானம் தேவைப்படும் வயதில் பிபிஎஃப் மட்டும் போதாது. அது தானாக மாதா மாதம் எதையும் தராது. அப்போது ஒரு பகுதியை எடுத்து மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். இது 60 வயதானவர்களுக்கு; 55க்கு மேல் ஓய்வோ விஆர்எஸ்ஸோ (விருப்ப ஓய்வு) பெற்றவர்களும் ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேரலாம். 2023 ஏப்ரலில் உச்சவரம்பை 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தினார்கள், வட்டியும் அப்போது 8.2 சதவீதமானது. சேரும் நாளில் இருக்கும் வட்டி ஐந்து வருடத்துக்கும் மாறாது. 8.2 சதவீதத்தில் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும், அதாவது மாதம் 20,500 போல. இந்த வட்டிக்கு வரி உண்டு என்பதால் முழுத் தொகையையும் இங்கே கொண்டுவரத் தேவையில்லை. செலவுக்கு வேண்டியதை மட்டும் கொண்டுவந்து, மிச்சத்தை வரியில்லாத பிபிஎஃப்பிலேயே விட்டு வைக்கலாம்.

கணக்குதாரர் இறந்துவிட்டால் நாமினி அந்தக் கணக்கைத் தொடர முடியாது, பணத்தை வாங்கி மூடத்தான் வேண்டும். நான்கு பேர் வரை நாமினி போடலாம். 2025 ஏப்ரலிலிருந்து நாமினியை மாற்றக் கட்டணம் இல்லை. என் 2011 பாஸ்புக்கில் நாமினியாக அப்பாவின் பெயர் இருந்தது. அவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. புதுப்பிக்கப் போன அன்றே மாற்றிவிட்டேன்.