ஸோவாந்திட் கல்லில் கொதிநீர் ஊற்றாதீர்கள்

உப்புநீர் டேங்க் பராமரிக்க ஒரு வீட்டுக்குப் போனால் நான் முதலில் தேடுவது மீன்களை அல்ல, கல்லில் ஒட்டியிருக்கும் ஸோவாந்திட்கள் என்ற, பவளங்களுக்கு உறவான சின்னக் கடல் உயிரிகளைத்தான். சட்டைப் பொத்தான் அளவில், ஆரஞ்சும் பச்சையுமாகக் கல் முழுக்கப் பூத்துக் கிடக்கும். உயிரியல்படி இவை மென்பவளங்களே அல்ல, ஆனால் மஷ்ரூம் கோரல், லெதர் கோரல் என்று டேங்கில் வளர்க்கும் பவள வகைகளோடு சேர்த்து 'புதிதாக வளர்ப்பவர்களுக்கு ஏற்றது' என்று விற்பார்கள். உண்மைதான், 24-26 டிகிரி வெப்பமும் மிதமான வெளிச்சமும் இருந்தால் மளமளவென்று பரவும். அப்புறம் பரவியதைக் குறைக்க வேண்டும் என்று கையில் பிரஷை எடுப்பார்கள் பாருங்கள், அங்கேதான் ஆபத்து.

இவற்றில் சிலவற்றில், முக்கியமாகப் பாலிதோவா என்ற வகையில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. 1971இல் ஹவாய் விஞ்ஞானிகள் இதைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். நம் செல்களில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப் ஒன்று உண்டு, இந்த நஞ்சு அதில் ஒட்டிக்கொண்டு அதைத் திறந்த ஓட்டையாக்கிவிடும், இதயத் தசைகூடப் பாதிக்கப்படலாம். சூட்டில் அழிந்துவிடும் என்று நம்பாதீர்கள், கொதிநீர் ஊற்றினால் ஆவியோடு சேர்ந்து வீட்டுக் காற்றில்தான் கலக்கும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் இதைத்தான் செய்தார். கல்லைச் சமையலறைத் தொட்டியில் வைத்துக் கொதிநீர் ஊற்றித் தேய்த்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் வாயில் நாணயத்தைச் சப்பியது போல ஒரு கசப்பு, பிறகு குளிர் நடுக்கம், இருமல், மூச்சு வாங்கல். பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த மகளும் இருமத் தொடங்கிய பிறகுதான் எனக்கு போன் செய்தார், அதுவும் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டு, கல்லைப் பற்றிப் பேச்சுவாக்கில்தான் சொன்னார். எல்லோரும் உடனே வெளியே வாருங்கள், மருத்துவரிடம் 'பாலிடாக்சின்' என்ற பெயரைச் சொல்லுங்கள் என்றேன். இதற்கு மாற்று மருந்து கிடையாது, மூச்சையும் இதயத்தையும் கவனித்துத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. இருவரும் தேறிவிட்டார்கள்.

கையுறையும் கண்ணை முழுதாக மூடும் கண்ணாடியும் இல்லாமல் இவற்றைத் தொடவே தொடாதீர்கள். வெட்டும்போது நீரைப் பீய்ச்சும், அது கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். விரலில் சின்னக் கீறல் இருந்தால்கூட அன்று வேண்டாம். தண்ணீர் மாற்றக் குழாயை வாயால் உறிஞ்சுவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வேண்டாத கல்லைத் தண்ணீருக்குள்ளேயே ஒரு வாளிக்கு மாற்றி, வெளியே கொண்டுபோய், பத்தில் ஒரு பங்கு ப்ளீச் கலந்த நீரில் அரை மணி நேரமாவது ஊறவையுங்கள். தேய்க்கவே தேவையில்லை.

லெதர் கோரல் சுருங்கி, மேலே மெழுகு மாதிரி படிந்தாலும் சிலர் பிரஷைத் தேடுவார்கள். அது தோல் உரிக்கிறது, அவ்வளவுதான், நீரோட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் சில நாளில் தானாக விரியும்.

நான் பார்த்துக்கொள்ளும் டேங்குகளில் ஸ்டாண்டின் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருப்பேன்: 'உள்ளே ஸோவாந்திட் இருக்கிறது. நஞ்சு: பாலிடாக்சின்.' நீங்களும் இன்றே ஒன்று எழுதி ஒட்டுங்கள். நீங்கள் மயங்கிக் கிடந்தால் மருத்துவரிடம் இதைச் சொல்ல வீட்டில் வேறு யாருக்குத் தெரியும்?