கோமாளி மீன் குஞ்சுக்கு முதல் வாரம் என்ன சாப்பாடு?

பாளையங்கோட்டையில் வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களைக் கேட்டால், கப்பியும் மோலியும் குட்டி போட்டுப் பெருகிய கதையைச் சொல்வார்கள். அந்தக் குட்டிகள் பிறந்த அன்றே பொடித்த தீவனத்தைத் தின்று பிழைத்துக்கொள்ளும். கடலில் வாழும் கோமாளி மீனின் குஞ்சு அப்படி இல்லை. முட்டையிட வைப்பதுகூட பெரிய வேலை இல்லை, பொரித்த குஞ்சை ஒரு வாரம் உயிரோடு காப்பாற்றுவதுதான் நிஜமான வேலை.

ஜோடி சேர்ப்பதற்கு இயற்கையே வழி வைத்திருக்கிறது. கோமாளி மீன் எல்லாமே முதலில் ஆண்தான், கூட்டத்தில் பெரிதாக வளர்ந்து மற்றவற்றை அடக்கி வைப்பது பெண்ணாக மாறிவிடும். அதனால் பெரிதும் சிறிதுமாக இரண்டு இளம் மீன்களைச் சேர்த்து வளர்த்தால் போதும், கடலில் அது குடியிருக்கும் அனிமோன் என்ற உயிரிகூட வேண்டாம், ஒரு மண்தொட்டியோ டைல்ஸ் துண்டோ இருந்தால் அதிலேயே முட்டை ஒட்டும். ஆண் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே காவல் இருக்கும். தண்ணீர் 28 டிகிரி அளவில் இருந்தால் சுமார் ஒரு வாரத்தில், விளக்கை அணைத்த பிறகு இருட்டில் பொரிக்கும்.

சரி, சிக்கல் இங்கேதான் ஆரம்பம். குஞ்சு 3, 4 மில்லிமீட்டர்தான், வாய் அதைவிட எத்தனையோ சிறியது, அசையாத இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்கு ரோட்டிஃபர் என்ற, கண்ணுக்குத் தூசி போலத் தெரியும் நீந்தும் உயிரி வேண்டும், ஒரு மில்லிலிட்டருக்குப் பத்தாவது இருந்தால்தான் குஞ்சு தேடாமல் தின்னும். அந்த ரோட்டிஃபருக்குச் சாப்பாடு நானோகுளோராப்சிஸ் என்ற பச்சைப் பாசி. பாசி தின்னாத ரோட்டிஃபரில் சத்து இல்லை, குஞ்சு வயிறு நிறையத் தின்றும் செத்துப்போகும். ஆக, மீனுக்கு முன்னால் ரோட்டிஃபர், அதற்கும் முன்னால் பாசி என்று மூன்று பண்ணை நடத்தவேண்டும். ஒரு வாரம் கழித்து ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறாலின் குஞ்சுகளைக் கொடுக்கலாம். நம் தூத்துக்குடி உப்பளத்துத் தண்ணீரில் வாழ்கிற அதே ஆர்ட்டீமியாதான். இரண்டு வாரத்தில் வெள்ளைப் பட்டை தெரிய ஆரம்பிக்கும், அப்புறம் பெரிய பயமில்லை.

உப்பளம் என்றதும் இதையும் சொல்லிவிடவேண்டும். தூத்துக்குடி உப்பைத் தாமிரபரணித் தண்ணீரில் கரைத்தால் கடல் நீர் ஆகாது. பாத்தியில் கடல் நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக முன்பே படிந்துவிடும், மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும், நடுவில் விளைவது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். உவரிப் பக்கம் கடலில் எடுத்து வடிகட்டிய தண்ணீரோ, மீன் தொட்டிக்கென்றே விற்கும் கலவை உப்போ வேண்டும்.

மஞ்சள் டாங் போன்ற மீன்களின் குஞ்சு வாய்க்கு ரோட்டிஃபரே பெரிது. அதைவிடச் சிறிய, கோப்பிபாட் என்ற நுண்ணுயிரியின் குஞ்சுகளைக் கொடுத்து, 2015-இல்தான் ஹவாயில் மஞ்சள் டாங்கை முதன்முதலாகத் தொட்டியில் வளர்த்தெடுத்தார்கள். இன்றும் பலவகைக் கடல் வண்ணமீன்கள் பவளப்பாறையிலிருந்து பிடித்துத்தான் விற்பனைக்கு வருகின்றன, அவற்றைத் தொட்டியில் பெருக்க விடாமல் தடுப்பது பெரும்பாலும் இந்த முதல் வாரச் சாப்பாடுதான்.

ஆசை இருப்பவர்கள் ஜோடி மீன் வாங்க அவசரப்படாதீர்கள். முதலில் பாசியையும் ரோட்டிஃபரையும் ஒரு மாதம் சாகாமல் வளர்த்துப் பாருங்கள், மீன் அதற்குப் பிறகு வாங்கலாம்.