படகை இழுக்கும் பட்டம்

ஆடி மாதத்தில் கிருஷ்ணகிரி அணைக் கரையில் பட்டம் விட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பட்டம் உச்சியில் அசையாமல் நிற்கும்போது நூல் விரலில் லேசாகத்தான் இருக்கும். அதே பட்டம் சர்ரென்று பக்கவாட்டில் பாய்ந்தால் விரலை அறுத்துவிடும். காற்று கூடவில்லை, பட்டமும் பெரிதாகவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது அவ்வளவு இழுப்பு?

பட்டம் ஓர் இறக்கை. அதன்மேல் படும் காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது. காற்றே இல்லாத நாளிலும் பைக்கில் போனால் முகத்தில் காற்று அடிக்கிறதல்லவா? குறுக்கே பாயும் பட்டமும் அப்படித்தான், தன் ஓட்டத்தாலேயே தனக்குக் காற்றைக் கூட்டிக்கொள்கிறது. மோட்டார் படகைப் பட்டத்தால் இழுக்கலாம் என்ற எண்ணமே இதை நம்பித்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்று நொடிக்கு 6 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 22 கி.மீ. வேகத்தில் வீசுகிறது. படகு அதே திசையில் நொடிக்கு 2 மீட்டர் போனால், பட்டத்துக்கு மிஞ்சுவது 4 மீட்டர் காற்றுதான். 10 சதுர மீட்டர் பட்டம் சும்மா நின்றால் ஏறக்குறைய 10 கிலோ எடை அளவுக்கு இழுக்கும். அதையே, லைசென்ஸ் வாங்க எட்டுப் போடுவோமே, அப்படி வானத்தில் படுக்கைவாட்டில் எட்டுப் போட வைத்து, அதன்மேல் படும் காற்றை நொடிக்கு 12 மீட்டராக்கினால் இழுப்பு 90 கிலோவைத் தொடும்! கயிறு சாய்வாக மேலே போவதால் ஒரு பங்கு படகைத் தூக்கப் பார்க்கும். மீதி முன்னே இழுக்கும்.

பாய்மரத்தைவிட இதில் இன்னொரு வசதி உண்டு. உயரம் கூடக் கூடப் பொதுவாகக் காற்றும் பலக்கும். பட்டம் அங்கே எட்டிப் பிடிக்கிறது. கயிற்றைப் படகின் தாழ்வான இடத்தில் கட்டலாம் என்பதால் பாய்மரம் போலக் கவிழ்க்கும் ஆபத்தும் குறைவு. பெரிய பட்டங்களைச் செய்து பறக்கவிட்ட சாமுவேல் கோடி என்பவர் 1903இலேயே பட்டம் இழுத்த படகில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். 2008இல் பெலுகா ஸ்கைசெயில்ஸ் என்ற சரக்குக் கப்பல், எரிபொருளை மிச்சப்படுத்த 160 சதுர மீட்டர் பட்டத்துடன் ஜெர்மனியிலிருந்து வெனிசுவேலாவுக்குப் புறப்பட்டது.

சரி, நினைத்த பக்கமெல்லாம் போக முடியுமா? ஒகேனக்கல் பரிசலை நினைத்துப் பாருங்கள். தட்டையான வட்ட அடி. பக்கவாட்டில் தண்ணீரைப் பிடித்து நிற்க அதில் எதுவும் இல்லை. துடுப்பு போடாவிட்டால் தண்ணீரும் காற்றும் தள்ளும் பக்கம்தான் போகும். சாதாரண மோட்டார் படகின் அடியும் இந்த விஷயத்தில் பரிசலுக்குக் கொஞ்சம்தான் மேல். பாய்மரப் படகுக்கு அடியில் ஆழமாக ஒரு பலகை இருப்பது இதற்காகத்தான். அது இல்லாமல், காற்று போகும் திசையிலும் அதற்குக் கொஞ்சம் இப்படி அப்படியும்தான் போகலாம். திரும்பி வர இன்ஜின்தான்.

பட்டத்தை மேலே ஏற்றுவதும் இறக்குவதும்தான் பெரிய பாடு. நாலு பக்கமும் மலை சூழ்ந்த நீர்த்தேக்கத்தில் காற்று திடீரென்று செத்துப்போகும், திசையும் மாறும். பட்டம் தண்ணீரில் விழுந்தால் நனைந்து கனத்துவிடும். தளர்ந்த கயிறு இன்ஜினின் விசிறியில் சுற்றினால் படகு நட்டாற்றில் நிற்க வேண்டியதுதான். அதனால் காற்று தளர்ந்ததுமே இன்ஜினை நிறுத்திவிட்டுக் கயிற்றைச் சுருட்ட வேண்டும். கையில் மட்டும் கயிற்றைச் சுற்றிக்கொள்ளவே கூடாது. 90 கிலோ இழுப்பில் முடிச்சை அவிழ்க்க நேரமிருக்காது. ஒரே இழுப்பில் பட்டத்தைக் கழற்றிவிடும் கொக்கியில்தான் கயிறு இருக்க வேண்டும்.