தேறல்: ஒயினுக்கு நம்மிடம் இருக்கும் சொல்

நண்பர்கள் கூடி மதுவைச் சுவைத்துப் பார்க்கும் மாலையில், கோப்பையில் ஊற்றியதும் யாரும் உடனே குடித்துவிடுவதில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தெளிவாக இருக்கிறதா, என்ன நிறம் என்று பார்ப்பார்கள். அப்புறம் முகர்வார்கள். அதற்கும் பிறகுதான் ஒரு வாய். அந்த முதல் பார்வையில் தேடும் தெளிவையே பெயராகக் கொண்ட சொல் தமிழில் இருக்கிறது: தேறல்.

‘ஒயின்’ ஆங்கிலம் வழியாக வந்தது. அதன் மூலம் ‘வீனும்’ என்ற லத்தீன் சொல். ‘புளித்த ஒயின்’ என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடர்தான் வினிகர் ஆனது.

தேறல், ‘தேறு’ என்ற வினையில் பிறந்தது. தேறுதல் என்றால் தெளிதல். கலங்கிய நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டையிலும், துயரத்தில் இருப்பவருக்குச் சொல்லும் தேறுதலிலும் இதே வேர்தான். நொதிக்கும் திராட்சைச் சாறு கலங்கலாக இருக்கும். ஈஸ்ட் அடியில் படிந்தபின், மேலே தெளிந்து நிற்பதைப் பிரித்தெடுக்கிறார்கள். ஆக, செய்முறையே பெயராகிவிட்டது.

இது புதிதாக ஒட்டவைக்கும் சொல்லும் அல்ல. பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்கிறார் (புறநானூறு 56). கலம் என்பதைக் கப்பல் என்று கொண்டாலும் சரி, ஜாடி என்று கொண்டாலும் சரி, வந்தது யவனரிடமிருந்து, அதாவது கிரேக்க, ரோமானிய வணிகரிடமிருந்து. ஒயின் கொண்டுவரப் பயன்பட்ட ஆம்போரா ஜாடிகளின் ஓடுகள் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்திருக்கின்றன.

ஆனால் தேறல் திராட்சைக்கு மட்டும் உரியதன்று. கானவர் மூங்கிலில் நெடுநாள் முதிரவைத்த தேன்கள்ளையும் திருமுருகாற்றுப்படை தேறல் என்றே சொல்கிறது. ஐயம் வரும் இடத்தில் ‘திராட்சைத் தேறல்’ என்று எழுதலாம். ‘திராட்சை ரசம்’ எனக்கு ஒப்பவில்லை. நொதிக்காத சாற்றையும் அது குறித்துவிடும். விவிலியத் தமிழில் ‘திராட்சரசம்’ ஊன்றிவிட்டது, அங்கே அது இருக்கட்டும்.

அதே மேசையில் இருக்கும் விஸ்கி, ரம், பிராந்தி ஆகியவற்றைத் தேறல் என்று சொல்லக் கூடாது. நொதித்தல் மட்டும் நடந்த ஒயினில் ஆல்கஹால் பெரும்பாலும் 11 முதல் 15 சதவீதம். அது 40 சதவீதம் அளவுக்கு ஏற, காய்ச்சி ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்க வேண்டும். ஆல்கஹால் சுமார் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால் இது முடிகிறது. இப்படிக் காய்ச்சி எடுப்பவற்றுக்கு ஆங்கிலத்தில் ஸ்பிரிட் என்று பெயர். மூச்சைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. பிராந்தியோ, ‘எரித்த ஒயின்’ என்னும் டச்சுச் சொல்லின் சுருக்கம்.

தமிழில் இதற்குச் சாராயம் என்பதே சரியான சொல். கள்ளச்சாராயத்தோடு சேர்த்தே கேட்டுப் பழகியதால் அதைச் சொல்லக் கூசுகிறவர்கள், வடித்தெடுத்தது என்ற பொருளில் ‘வடிமது’ எனலாம். சுவைக்கும்போது தேறலை முதலிலும் வடிமதுவைக் கடைசியிலும் வையுங்கள். காரமானது முன்னால் போனால் நாக்கு மரத்து, தேறலின் மெல்லிய சுவை தெரியாமல் போய்விடும்.