பெயருக்குப் பின்னால் 123 வேண்டாம்

கணினிப் பராமரிப்புக்கு அலுவலகங்களுக்குப் போகும்போது பல இடங்களில் கடவுச்சொல்லைக் கேட்கும் தேவையே வருவதில்லை. விசைப்பலகையைத் தூக்கினால் அடியில் சீட்டு ஒட்டியிருக்கும். சீட்டு இல்லையென்றால் குழந்தையின் பெயர், ஓர் அட் குறி, 123. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் அலுவலகமானால் அது 124 ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

ஊழியர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது; எண்ணும் குறியீடும் கட்டாயம், அடிக்கடி மாற்றவும் வேண்டும் என்ற அலுவலக விதி அப்படி. அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், குறியீடுகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம், காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்லவும் வேண்டாம் என்று 2017ஆம் ஆண்டு வழிகாட்டியிலேயே சொல்லிவிட்டது. ‘ஓ’வுக்குப் பதில் பூஜ்யம் போடுவதெல்லாம் கடவுச்சொல் உடைக்கும் மென்பொருள்களுக்கு அத்துப்படி. அவற்றைத் திணறடிப்பது நீளமும் யாரும் ஊகிக்க முடியாத தேர்வும்தான்.

நான் சொல்லிக்கொடுக்கும் வழி இது. அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து, விரல் பட்ட சொல்லை எடுங்கள். இப்படி நான்கு சொல் எடுத்து வரிசையாகச் சேர்த்தால் அதுதான் கடவுச்சொல். வௌவால், ரயிலடி, அம்மி, பாகற்காய் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். வௌவால் ஒன்று ரயிலடியில் அம்மி போட்டுப் பாகற்காய் அரைக்கிறது! ஒருமுறை நினைத்தால் மறக்காது. ஆங்கில எழுத்தில் தட்டும்போது வௌவாலுக்கு எந்த எழுத்துக்கூட்டு என்பதை மட்டும் முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். எங்களுக்கு வரும் ‘திறக்கவில்லை’ அழைப்புகளில் பாதி அந்தக் குழப்பம்தான்.

இன்னும் கறாராகச் செய்ய விரும்பினால் பகடை உருட்டலாம். 1995இல் அர்னால்ட் ரெய்ன்ஹோல்ட் வகுத்த டைஸ்வேர் முறையில் பட்டியலில் 7,776 சொற்கள். ஐந்து முறை உருட்டினால் வரும் ஐந்திலக்க எண்ணுக்கு நேரே பட்டியலில் ஒரு சொல் இருக்கும். நான்கு சொல்லுக்கே சுமார் 3,656 லட்சம் கோடி சேர்க்கைகள். முக்கியமான கணக்குகளுக்கு ஆறு சொல் வைப்பது நல்லது.

பிடித்த குறளையோ பாட்டு வரியையோ வைக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். நீளம் இருந்தாலும் ஊரறிந்த வரி அது. சொற்களை நீங்களே யோசித்துத் தேர்ந்தெடுப்பதும் சரிவராது; மனம் போய் நிற்பது சொந்த ஊரிலும் குலதெய்வத்திலும்தான்.

எல்லாக் கணக்கையும் இன்றே மாற்ற முடியாது. மின்னஞ்சலில் தொடங்குங்கள். மற்ற கணக்குகளில் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று அழுத்தினால், மாற்றும் இணைப்பு பெரும்பாலும் அங்கேதான் வந்து விழுகிறது.