துப்பாக்கிக்கும் பினாமி உண்டு

குற்றம் நடந்த இடத்தில் சிக்கிய கைத்துப்பாக்கியின் வரிசை எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால், அமெரிக்காவில் அது பெரும்பாலும் ஒரு சாதாரண மனிதரின் வீட்டு வாசலில் போய் நிற்கும். கடையில் படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனையில் (துப்பாக்கி வாங்கத் தடை ஏதும் உண்டா என்று பார்ப்பது) தேறி, முறையாக வாங்கியவர். கேட்டால் வரும் பதிலும் மாறுவதில்லை: "அதுவா, காரிலிருந்து திருடு போய் ரொம்ப நாளாச்சே." போலீசில் சொன்னீர்களா? இல்லை. வரிசை எண்ணைக் குறித்து வைத்திருந்தீர்களா? இல்லை. பூட்டு? வாங்கும்போதே கொடுத்தார்கள், பெட்டியிலேயே இருக்கிறது. இன்னும் எத்தனை தடவை இதே பதில்களை எழுதிக்கொள்வது?

இதைச் சொன்னால் உடனே ஒரு வாதம் வரும்: "குற்றவாளிக்கு எப்படியும் கள்ளச்சந்தையில் கிடைத்துவிடும். சட்டமும் பூட்டும் நல்லவனைத்தான் படுத்தும்." கள்ளச்சந்தை என்றால் அதற்கென்று தனியாகத் தொழிற்சாலை, தனியாகக் கிடங்கு இருப்பதுபோல ஒரு நினைப்பு. அப்படி ஒன்றும் இல்லை. பாகங்களாக வாங்கி வீட்டில் பொருத்தும், வரிசை எண்ணே இல்லாத 'பேய்த் துப்பாக்கி'களை விட்டுவிடுங்கள். (அவற்றுக்கு எண்ணும் சோதனையும் வேண்டும் என்ற 2022 விதியை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் 7-2 என்று உறுதி செய்தது.) மற்றபடி தெருவில் கைமாறும் துப்பாக்கி பெரும்பாலும் முதலில் ஒரு உரிமம் பெற்ற கடையின் மேசையைத் தாண்டித்தான் வந்திருக்கும். அதை அங்கிருந்து தெருவுக்குக் கொண்டுபோனது ஒரு மனிதக் கை. திருடியதாகவும் இருக்கலாம், கொடுத்ததாகவும் இருக்கலாம்.

அமெரிக்க நீதித்துறை 2016-இல் சிறைக் கைதிகளிடம் எடுத்த கணக்கெடுப்பை, துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் தூக்கிக் காட்டுவார்கள். குற்றத்தின்போது துப்பாக்கி வைத்திருந்தவர்களில் சுமார் 43% பேர் அதைத் தெருவில், கள்ளச்சந்தையில் வாங்கியவர்கள். 25% பேருக்கு உறவினர், நண்பர் வழியாகவோ அன்பளிப்பாகவோ வந்தது. கடை போன்ற சில்லறை விற்பனை இடங்களில் வாங்கியவர்கள் 10% அளவுதான். துப்பாக்கிக் கண்காட்சியில் வாங்கியவர்கள் 1% கூட இல்லை. திருடியதாகச் சொன்னவர்கள் 6%.

அந்த 6%-ஐப் பிடித்துக்கொண்டு "திருட்டு ஒரு பிரச்சினையே இல்லை" என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். கேள்வி என்ன என்று பாருங்கள்: 'நீ திருடினாயா?' கார் கண்ணாடியை உடைப்பவன் வேறு, அவனிடம் வாங்கி விற்பவன் வேறு, சுடுபவன் வேறு. சுட்டவன் "தெருவில் வாங்கினேன்" என்றுதான் சொல்வான், அவனைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. அந்தத் தெருவுக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது? 2017 முதல் 2021 வரை தனிமனிதர்களிடமிருந்து திருடு போனதாகப் பதிவான துப்பாக்கிகள் மட்டும் 10 லட்சத்துக்கு மேல். பதிவாகாதவை இந்தக் கணக்கில் இல்லை.

தடம் பிடிப்பதைப் பற்றியும் சினிமாத்தனமான நினைப்பு நிறைய. எண்ணைக் கணினியில் தட்டினால் உரிமையாளர் பெயர் வந்து விழாது. மத்திய அளவில் உரிமையாளர் பதிவேடு வைக்கக் கூடாது என்று 1986 சட்டமே தடுக்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள தடமறியும் மையம் தயாரிப்பாளரைக் கேட்கும், அவர் மொத்த வியாபாரியைக் காட்டுவார், அவர் கடையை, கடைக்காரர் தன் பதிவேட்டைப் புரட்டி முதலில் வாங்கியவர் பெயரைச் சொல்வார். அதோடு காகிதத் தடம் முடிந்தது. அதற்குப் பிறகு கைமாறியதெல்லாம் அவர் வாய்திறந்தால்தான் தெரியும். விற்பனைக்கும் குற்றத்துக்கும் நடுவில் 3 ஆண்டுகூட ஆகவில்லை என்றால் புலனாய்வாளர் முதலில் சந்தேகிப்பது பினாமியைத்தான், அதாவது அடுத்தவருக்காகத் தன் பெயரில் வாங்கிக் கொடுத்தவரை.

பினாமி என்பவர் பெரும்பாலும் கொள்ளைக்கூட்டத்து ஆள் இல்லை. காதலி, தங்கை, கூட வேலை பார்ப்பவர், சில நேரம் அம்மா. கடையில் அவன் எடுத்துப் பார்க்கிறான், கையில் பிடித்துப் பார்க்கிறான், விலை பேசுகிறான்; கடைசியில் படிவத்தை அவள் பக்கம் தள்ளுகிறான். கடையில் நிரப்பும் அந்த 4473 எண் படிவத்தில் 21-ஆவது கேள்வி நேராகவே கேட்கிறது: உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா? 'ஆம்' என்று பொய் எழுதினால் குற்றம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது, துப்பாக்கி யாரையும் சுட வேண்டியதில்லை. 2022 சட்டப்படி, துப்பாக்கி வாங்கத் தடை உள்ளவர் என்று தெரிந்தும் அவருக்காகப் பினாமியாக வாங்கினால் 15 ஆண்டு வரை சிறை. அது கடும் குற்றத்துக்குப் போகிறது என்று தெரிந்தே வாங்கினால் 25 ஆண்டு வரை.

"வாங்கிக் கொடுத்தவரும் சுத்தம், வாங்கிக்கொண்டவரும் சுத்தம் என்றால்?" அதற்கும் 2014-இல் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. ஒரு முன்னாள் போலீஸ்காரர், தனக்குக் கிடைக்கும் தள்ளுபடியில் மாமாவுக்காகக் கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கினார். மாமா அனுப்பிய 400 டாலர் காசோலையின் குறிப்பு வரியில் துப்பாக்கியின் பெயரே எழுதியிருந்தது. மாமாவுக்கும் வாங்கும் தகுதி இருந்தது. ஆனாலும் படிவத்தில் பொய் எழுதியதற்கான தண்டனை 5-4 என்று நிலைத்தது. உங்கள் பணத்தில் வாங்கி மனமுவந்து கொடுக்கும் அன்பளிப்பு வேறு, அடுத்தவர் பணத்தில் போடும் கையெழுத்து வேறு. அதனால் யாராவது "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்று கேட்டால், தயவுசெய்து மறுத்துவிடுங்கள். உறவு முறிந்தாலும் பரவாயில்லை.

கடைக்காரர்களுக்கு ஒன்று. பின்னணிச் சோதனைக்குப் பதில் வராமல் 3 வேலை நாள் கடந்தால் விற்கலாம் என்கிறது சட்டம். விற்றே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. 2015-இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் 9 பேரைக் கொன்றவனின் துப்பாக்கி இந்த இடைவெளியில்தான் கைக்கு வந்தது. மனசு ஒப்பவில்லை என்றால் விற்பனையை நிறுத்துங்கள். சரக்கு குறைகிறது என்று கண்டால் 48 மணி நேரத்துக்குள் துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப்-க்கும் உள்ளூர் போலீசுக்கும் சொல்லியாக வேண்டும்.

வைத்திருப்பவர்களே, காரின் முன்பெட்டி (டாஷ்போர்டு அறை) பெட்டகம் இல்லை. இருக்கைக்கு அடியும் இல்லை. காரில் விட்டே ஆக வேண்டும் என்றால் தோட்டாவை இறக்கி, இருக்கைச் சட்டத்தோடு எஃகு வடத்தால் பிணைத்த பூட்டுப்பெட்டியில் வையுங்கள். இரவில் வீட்டுக்குள் எடுத்து வாருங்கள். பின்கண்ணாடியில் துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், திருடனுக்கு அது விளம்பரப் பலகை. 2005-இல் வந்த சட்டப்படியே கடைகள் கைத்துப்பாக்கியோடு பூட்டோ பாதுகாப்புச் சாதனமோ தருகின்றன, அதைப் பிரித்து எடுத்துப் பயன்படுத்துங்கள். முன்பின் தெரியாதவருக்கு விற்பதென்றால், உங்கள் மாநிலம் கேட்காவிட்டாலும் உரிமம் பெற்ற கடை வழியாகச் சோதனை செய்து கொடுங்கள். கொஞ்சம் கட்டணம், அவ்வளவுதான்.

திருடு போனால் அன்றே புகார். கலிபோர்னியாவில் தெரிந்த 5 நாளுக்குள் சொல்வது கட்டாயம். தனிமனிதர்களைக் கட்டாயப்படுத்தும் மத்திய சட்டம் கிடையாது, அதனால் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். புகாருக்கு எண் வேண்டும். எண் இல்லாமல் "கறுப்பு நிறம், ஒன்பது மில்லிமீட்டர்" என்று எழுதிக் கொடுத்தால் அதைத் தேசியத் திருட்டுப் பட்டியலில் உருப்படியாக ஏற்ற முடியாது. இன்றே தயாரிப்பாளர் பெயர், மாடல், அளவு, வரிசை எண் நான்கும் தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். அந்தப் படத்தை அச்செடுத்துத் துப்பாக்கி இருக்கும் அதே பெட்டிக்குள் வைக்காதீர்கள். வைக்கிறார்கள்.